மூன்று பல் அதிகம்

ஹெப்பாள் மேம்பாலத்தில் நான் எழுபதில் போனேனாம்.
போட்டோவோடு வந்தது அபராதம்.
நம்பர் பிளேட் என்னுடையது,
பின்னால் சாய்த்துக் கட்டிய கண்ணாடி ஷீட்டுகள் என்னுடையவை,
எழுபது மட்டும் என்னுடையதில்லை.
கண்ணாடி ஏற்றிக்கொண்டு எவன் எழுபதில் போவான்?
முள் அறுபதைத் தொட்டாலே
என் வலது கால் தானாகத் தளரும்.

"முள்ளு சொன்னா ஆச்சா?" என்றாள் பிலோமி.
ஞாயிறு, பூசை முடிந்த சேலையோடு
பழைய டாட்டாவின் இடது சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.
நெலமங்கலா தாண்டித் தும்கூர் ரோடு.
முள்ளை அறுபதில் பிடித்து வைத்தேன்,
விளிம்புவரை நிரம்பிய பால் சட்டியைப் பிடிப்பதுபோல்.
கிலோமீட்டர் கல் வந்ததும் எண்ணத் தொடங்கினாள்
கைக்கடிகாரத்தை மூக்கருகே வைத்துக்கொண்டு.
அறுபதில் போனால் கல்லுக்குக் கல் அறுபது நொடி.
ஐம்பத்தொன்றில் அடுத்தது வந்துவிட்டது.
"கல்லைத் தப்பா நட்டிருப்பாங்க."
அடுத்ததும் ஐம்பத்தொன்று.
அதற்கடுத்தது ஐம்பத்தி மூன்று, நடுவில் ஒரு மாடு.
"எல்லாக் கல்லையும் உங்களுக்காகவா தப்பா நட்டாங்க?"

ஜே.சி. ரோட்டுச் சந்தில் நயாஸ் பாஷா
கேபிளை உருவி விரலில் சுற்றிப் பார்த்தான்.
கேபிளில் குறையில்லை. மீட்டரில் குறையில்லை.
வண்டிக்கடியில் முதுகால் நகர்ந்து போய்
கியர்பாக்ஸின் வால் பக்கம் எதையோ கழற்றி
சுண்டுவிரல் நீளத்தில் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் சக்கரத்தை
எண்ணெய் சொட்ட என் உள்ளங்கையில் வைத்தான்.
இருபத்தொரு பல்.
"இந்த வண்டிக்குப் பதினெட்டுதாண்ணா. யார் போட்டது?"

நாலு வருஷம் முன்னால் கிருஷ்ணகிரியில்,
கியர்பாக்ஸ் இறங்கிய ராத்திரி,
எவனோ கைக்குக் கிடைத்ததை மாட்டிவிட்டான்.
நல்லவன். டீ வாங்கித் தந்தான்,
மீதிச் சில்லறையைக்கூடச் சரியாக எண்ணிக் கொடுத்தான்.

பொய்ப்பல் என்றால் இதுதான்.
இதை வைத்துக்கொண்டா நாலு வருஷம்
என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாய், டாஷ்போர்டே?

புதியது கறுப்பு. பதினெட்டுப் பல், நூற்றெண்பது ரூபாய்.
திரும்பும்போது டவுன்ஹால் சிக்னலில்
முக்கால் மணி நேரம் முள் பூஜ்யத்தில் கிடந்தது.
பூஜ்யம் முன்பும் சரியாகத்தான் இருந்தது.
இந்த ஊரில் வேறு எப்படித் தெரிந்திருக்கும்?

ராத்திரி அபராதத் தாளின் முதுகில்
பிலோமி கணக்குப் போட்டாள்.
மீட்டர் காட்டிய எண்பத்து நாலாயிரம்
உண்மையில் தொண்ணூற்றெட்டு.
ஓடியும் ஓடாத பதினாலாயிரம் கிலோமீட்டர்.
வாடகை கிலோமீட்டருக்குப் பதினெட்டு.
இரண்டு லட்சத்து ஐம்பத்திரண்டாயிரம் என்று எழுதி
அடியில் இரண்டு கோடு இழுத்தாள்.
தாளைத் திருப்பினால் அபராதம், ஆயிரம்.
அது கொஞ்சம் கூச்சத்தோடு நிற்பதுபோல் இருந்தது.

டயருக்குத் தெரிந்திருக்கிறது, சீக்கிரமே தேய்ந்தது.
ஆயிலுக்குத் தெரிந்திருக்கிறது.
என் இடுப்பும் ஒழுங்காகக் கணக்கு வைத்திருந்தது,
நான்தான் பலகை சீட்டைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை பீன்யாவிலிருந்து மாரத்தஹள்ளிக்குப்
பதினோரு ஷீட். கீறல்கூட இல்லாமல் இறக்கிவிட்டு
பில்லை நீட்டினேன்.
சிக்கண்ணா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"போன மாசம் இருபத்து நாலு, இப்போ இருபத்தெட்டா?
ரோடு வளந்துடுச்சா?"

சொன்னேன். பதினெட்டு, இருபத்தொன்று, கிருஷ்ணகிரி.
சட்டைப்பையிலிருந்து வெள்ளைச் சக்கரத்தை எடுத்தும் காட்டினேன்.
திருப்பித் திருப்பிப் பார்த்தார்,
ஒரு பல்லை நகத்தால் நெருடினார்.
"இந்தக் கதையெல்லாம் எங்கிட்ட வேணாம்பா."

கொஞ்ச நேரம் சும்மா நின்றேன்.
பிறகு, மெட்ரோ வேலை நடக்குது, சுத்தி வரணும் என்றேன்.

"அதை முதல்லயே சொல்றதுக்கென்ன" என்று
எச்சில் தொட்டு ஐந்து நூறு ரூபாய்த் தாள் எண்ணினார்.
பில் ஐந்நூற்று நாலு.
அந்த நாலை
இருவருமே பார்க்கவில்லை.